மொழி தெரியாத ஊரில் எடுத்த படம்: குரலா, எழுத்தா, மௌனமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறும் ஆவணப்படத்தின் ஆங்கில சப்டைட்டிலைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. கடைசிக் காட்சியில் படக்குழு கிளம்புகிறது. வயதான ஒரு அம்மா வாசல்வரை வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்கப்பா" என்கிறார். கீழே ஓடிய ஆங்கில வரியைத் தமிழில் சொன்னால், "இனி நீங்கள் போகலாம்." மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கு ஒலிக்கோப்பை மட்டும் அனுப்பியிருந்தார்கள், படத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு வரியால், அரை மணி நேரம் தன் வாழ்க்கையைப் பிரித்து வைத்த பெண்மணி, கடைசியில் வந்தவர்களை வெளியே அனுப்புகிறவராகிவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தன் வாயிலிருந்து என்ன வந்ததாக ஊர் உலகம் படிக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியவும் வழியில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. தன் மொழி பேசாத மக்களிடையே படம் எடுத்துத் திரும்பும் ஒருவர், அவர்களுடைய பேச்சைப் பார்வையாளரிடம் எப்படிக் கொண்டுவர வேண்டும்? பின்னணிக் குரல் வைக்கலாம். சப்டைட்டில் போடலாம். மொழிபெயர்க்காமலே விட்டுவிடலாம். எடுத்த மக்களிடமே படத்தைத் திரும்பக் கொண்டுபோய், பேசும் இடத்தை அவர்களுக்குக் கொடுக்கலாம். பார்வையாளருக்கு எது எளிதாகப் புரியும் என்றுதான் எடிட்டிங் மேசையில் முதலில் கேட்கிறோம். என் மனதில் அது இரண்டாவது கேள்வி. "அது அப்படியில்லை" என்று திரையில் இருப்பவர் நம்மைத் திருத்த எந்த வழி இடம் வைக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ராபர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க இயக்குநரிடமிருந்து தொடங்குகிறேன். ஒரே மனிதர், கால் நூற்றாண்டு இடைவெளியில், இரண்டு எதிரெதிர் முனைகளையும் தொட்டுப் பார்த்தவர். 1961-ல் அவர் நியூ கினியின் பாலியம் பள்ளத்தாக்குக்குப் போனார். இன்று அது இந்தோனேசியாவின் பப்புவாவில் இருக்கிறது. அங்கே டானி மக்களிடையே எடுத்த 'டெட் பேர்ட்ஸ்' 1963-ல் வந்தது. படம் முழுக்க ஒலிப்பது கார்ட்னரின் குரல். பறவைக்கும் பாம்புக்கும் நடந்த பந்தயத்தில் பறவை ஜெயித்ததால்தான் மனிதர்கள் பறவைபோலச் சாகிறார்கள், பாம்பு ஜெயித்திருந்தால் சட்டை உரித்து வாழ்ந்துகொண்டே இருந்திருப்பார்கள் என்ற டானிக் கதையோடு படம் ஆரம்பிக்கிறது. அழகான தொடக்கம். அதன் பிறகு வேயாக் என்ற வீரன் காவல் கோபுரத்தில் நிற்கும்போது அவன் என்ன நினைக்கிறான் என்பதையும் அதே குரல் சொல்கிறது. பன்றி மேய்க்கும் சிறுவன் புவாவின் மனதையும் அதுவே பேசுகிறது. கேட்கக் கேட்க நம்பிவிடுகிறோம். நம்பிய பிறகுதான் உறைக்கிறது: வேயாக் தன் வாயால் நம்மிடம் எதுவுமே சொல்லவில்லை.

கார்ட்னருக்கு ஒரு நியாயமும் உண்டு. கையில் தூக்கிச் சென்று, உதட்டசைவோடு ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்யும் கருவி அப்போது காட்டுக்குள் கொண்டுபோகும் நிலையில் இல்லை. பேச்சைப் பிடிக்க முடியாதபோது பேச்சைப் பற்றிப் பேசத்தான் முடியும். இன்று பாக்கெட்டில் இருக்கும் கைபேசியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. பழங்குடிகள் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துப் பாருங்கள். அங்கே ஒருவர் இரண்டு நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். நமக்குக் கிடைப்பது, "வேட்டைக்குத் தயாராகிறார்கள்" என்ற ஒரு வாக்கியம். மீதி எங்கே போனது?

அதே கார்ட்னர் 1986-ல் 'ஃபாரஸ்ட் ஆஃப் ப்ளிஸ்' படத்தில் எதிர் முனைக்குப் போனார். காசியில் ஒரு விடியலிலிருந்து அடுத்த விடியல்வரை, தொண்ணூறு நிமிடம். பின்னணிக் குரல் கிடையாது, சப்டைட்டிலும் கிடையாது. துடுப்பின் கிறீச்சொலி, படித்துறையில் நாய்கள், சாமந்தி மாலைகள், படகில் வந்து இறங்கும் விறகு, தராசில் ஏறும் கட்டைகள். மனிதர்கள் பேசுகிறார்கள், கோபிக்கிறார்கள், மந்திரம் சொல்கிறார்கள். எதுவும் மொழிபெயர்க்கப்படவில்லை.

இந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஒரே கருத்து கிடையாது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களிலிருந்து யாராவது ஒருவர் காசிக்குப் போயிருப்பார். விறகை ஏன் எடை போடுகிறார்கள் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். மாலை எந்தப் பக்கம் போகிறது, மூங்கில் எதற்கு என்பதெல்லாம் பார்த்தவுடன் விளங்கிவிடும். சொல் இல்லாததால் கண் கூர்மையாகிறது. அந்தத் தராசுக் காட்சியில் பின்னணிக் குரல் ஒன்று புகுந்திருந்தால் எனக்கு அது உயிரை விட்டிருக்கும். ஆனால் காசியைக் கேள்விப்படாத ஒருவர் பாஸ்டனிலோ பெர்லினிலோ உட்கார்ந்து பார்க்கும்போது? சுடுகாட்டுப் பொறுப்பாளரான டோம் ராஜா ஆட்களைத் திட்டுவதும் கூலி பேசுவதும் அவருக்கு வெறும் இரைச்சல். கூலிப் பேச்சு என்பது உலகத்தில் யாருக்கும் புரியக்கூடிய விஷயம். அதைப் புரியாத சடங்கு ஒலியாக மாற்றிவிட்டது அந்த மௌனம். படம் வந்தபோது மானுடவியலாளர்கள் பலர் இதைத்தான் எதிர்த்தார்கள், எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. பின்னணிக் குரல் வேயாக்கின் வாயில் சொல்லைப் போட்டது. மௌனம் டோம் ராஜாவின் வாயிலிருந்த சொல்லை எடுத்துவிட்டது. இரண்டிலும் திருத்த வேண்டியவருக்குப் பிடி கிடைக்கவில்லை.

நடுவில் இருப்பது சப்டைட்டில். இன்று அதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோலப் பழகிவிட்டோம். ஆனால் மானுடவியல் படங்களில் அது ஒரு பெரிய திருப்பமாகத்தான் வந்தது. டேவிட் மக்டூகலும் ஜூடித் மக்டூகலும் 1968-ல் உகாண்டாவின் வடகிழக்கில் ஜியே என்ற கால்நடை வளர்க்கும் மக்களிடையே படம்பிடித்தார்கள். 'டு லிவ் வித் ஹெர்ட்ஸ்' 1972-ல் வெளியானது. அந்த மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும், அரசோடு அவர்களுக்கு இருந்த உரசலும் எழுத்தாகத் திரையில் வந்தன. ஆப்பிரிக்க மேய்ச்சல்காரர் ஒருவர் ஒரு விஷயத்தை நிதானமாக வாதிடுவதை வெளிநாட்டுப் பார்வையாளர் வரி வரியாகப் படிக்க முடிந்தது. அவர் குரலும் கூடவே காதில் விழுந்தது.

சப்டைட்டிலின் பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன்: மூலம் அழிவதில்லை. அந்த மொழி தெரிந்த யாரோ ஒருவர் எங்கோ ஒரு அரங்கில் உட்கார்ந்து, "அவர் சொன்னது அதுவல்லவே" என்று எழுந்து சொல்லலாம். 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023-ல் ஆஸ்கர் வாங்கியபோது உலகம் அதை எழுத்தில் படித்தது. முதுமலை தெப்பக்காட்டில் பெள்ளியும் பொம்மனும் யானைக்குட்டி ரகுவைத் தமிழில் கொஞ்சுவதை நாம் காதாலேயே கேட்டோம். ஒரு படத்தின் கீழ்வரியைத் தன் காதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு தமிழ்ப் பார்வையாளருக்கு அப்படி அடிக்கடி கிடைப்பதில்லை. டப்பிங் செய்திருந்தால் அந்த வாய்ப்பே இருந்திருக்காது.

குறைகளும் கொஞ்சமில்லை. ஸ்ட்ரீமிங் தளங்களில் ஆங்கிலத்துக்கு வழக்கமாக வைத்திருக்கும் அளவு, திரையில் ஒரு சமயத்தில் இரண்டு வரி, ஒரு வரிக்கு 42 எழுத்து. சில நொடிகளில் அடுத்த வரி வந்துவிட வேண்டும். அந்த இடத்துக்குள் முதலில் பலியாவது உறவு. ஒரு பெண் மாமியாரிடம் "நீங்க" என்று ஆரம்பித்து, சண்டை முற்றியதும் "நீ" என்று இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு எழுத்தில் வீடே இரண்டாகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். "அண்ணே" என்று ஒருவர் கூப்பிடுவதில் வயது, கெஞ்சல், பாதி வியாபாரம் எல்லாம் இருக்கும். கீழே பெரும்பாலும் எதுவுமே வராது, இல்லாவிட்டால் உடன்பிறந்தவர் என்று வந்து குழப்பும். தமிழுக்குள் கொண்டுவரும்போது சிக்கல் தலைகீழ். ஆங்கிலம் ஒற்றைச் சொல்லில் விட்ட மரியாதையை நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மேய்ச்சல்காரர் அதிகாரியிடம் "நீ" என்கிறாரா, "நீங்கள்" என்கிறாரா? மூலமொழி தெரியாமல், ஆங்கில ஸ்கிரிப்டிலிருந்து தமிழ் செய்பவர் ஊகத்தில்தான் எழுதுகிறார். அந்த ஊகம் பல சமயம் பழங்குடிக்கு "நீ"யும் அதிகாரிக்கு "நீங்கள்"ளும் கொடுக்கிறது. இது எனக்கு மிகவும் வலிக்கும் இடம்.

'ஹனிலேண்ட்' (2019) எடுத்தவர்கள் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து தொட்டார்கள். வடக்கு மாசிடோனியாவில், மின்சாரமும் சாலையும் இல்லாத பெகிர்லியா என்ற ஊரில், ஹாதிஜே முராடோவா என்ற பெண் காட்டுத் தேனீ வளர்க்கிறார். தேன் எடுக்கும்போது பாதியைத் தேனீக்களுக்கே விட்டுவிடுவது அவர் வழக்கம். பக்கத்தில் குடிவந்த குடும்பம் அதை மீறுகிறது, கூடுகள் அழிகின்றன. ஹாதிஜே பேசுவது துருக்கி மொழி, இயக்குநர்கள் தமாரா கோடெவ்ஸ்கா, லூபோமிர் ஸ்டெஃபானோவ் இருவருக்கும் அது தெரியாது. மூன்று ஆண்டுகளில் படம்பிடித்துச் சேர்ந்த ஃபுட்டேஜ் ஏறக்குறைய 400 மணி நேரம். பேச்சு புரியாத நிலையில், முகத்தையும் கையையும் மட்டும் வைத்துப் படத்தின் எலும்புக்கூட்டை அமைத்தார்கள். மொழிபெயர்ப்பு பிறகு வந்து உட்கார்ந்தது. ஆஸ்கரில் ஆவணப்படப் பிரிவிலும் சர்வதேசப் படப் பிரிவிலும் ஒரே ஆண்டில் இடம்பிடித்த முதல் படம் அது.

இதை ஒரு செய்முறையாக எடுத்துக்கொள்ளலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஓரளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். சொல் புரியாதபோது உடலைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறோம், அப்படிப் பார்த்து வெட்டிய காட்சிக்குப் பேச்சு ஊன்றுகோலாக வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மூன்று ஆண்டு அங்கே இருக்க வேண்டும். பத்து நாள் படப்பிடிப்புக்குப் போய்விட்டு வந்து, "மொழி தடையில்லை, உணர்ச்சி பொது" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. கண்ணால் பார்த்தது தப்பாகப் போகும் என்பதற்கு 'தி ஆக்ஸ் ஃபைட்' என்ற முப்பது நிமிடப் படமே போதும்.

1971 பிப்ரவரியில் வெனிசுவேலாவில் யானோமாமோ பழங்குடியினரின் ஓர் ஊரில் திடீரென்று சண்டை வெடிக்கிறது. டிமோதி ஆஷ் கேமராவை ஓடவிடுகிறார். படம் முதலில் அந்தக் காட்சியை அப்படியே காட்டுகிறது: கட்டைகள், கோடரி, கத்தும் பெண்கள், ஒன்றும் விளங்காது. பிறகு திரை கறுப்பாகிறது, படக்குழு பேசிக்கொள்வது மட்டும் கேட்கிறது. மானுடவியலாளர் நெப்போலியன் சாக்னன், கூடாத உறவினால் வந்த சண்டை என்று தனக்குச் சொன்னார்கள் என்கிறார். அடுத்து எழுத்து வந்து, அந்தத் தகவல் தவறு என்கிறது. விருந்தாளியாக வந்த ஒருவன் ஒரு பெண்ணிடம் வாழைக்காய் கேட்டு, அவள் மறுத்ததால் அடித்திருக்கிறான், அதிலிருந்து கிளம்பியதுதான் எல்லாம். அப்புறம் மெதுவோட்டத்தில் அம்புக்குறிகளோடு யார் யாருக்கு என்ன உறவு என்று விளக்குகிறார்கள். கடைசியில் அதே சண்டையைச் சுருக்கி, வெட்டி, ஒழுங்கான கதையாக மறுபடி காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதி மிக வழவழப்பாக இருப்பதால், முன்னால் பார்த்த குழப்பம் நினைவிருக்கும் நமக்கு அது சந்தேகத்தைத் தருகிறது. 1975-ல் வெளியான படம். தன் முதல் தவறைப் படத்திலேயே விட்டுவைத்த நேர்மைக்காக நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த ஊர்க்காரர் யாராவது சொல்லியிருக்காவிட்டால் வாழைக்காய் விஷயம் தெரிந்தே இருக்காது.

கடைசி வழி, திரும்பக் கொண்டுபோவது. இதில் முன்னோடி பிரெஞ்சுக்காரரான ழான் ரூஷ். நைஜர் ஆற்றில் சோர்க்கோ மக்கள் நீர்யானை வேட்டையாடுவதை அவர் 1951-ல் படமாக்கினார். விறுவிறுப்புக்காக, அவர்களுடைய வேட்டைப் பாட்டையே பின்னணி இசையாகச் சேர்த்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து அயோரூ என்ற ஊருக்குப் படத்தைக் கொண்டுபோய், வேட்டையாடியவர்கள் முன்னாலேயே திரையிட்டார். பார்த்தவர்கள் இசையை எடுக்கச் சொன்னார்கள். தண்ணீருக்குள் இருக்கும் நீர்யானைக்குக் காது கேட்கும், வேட்டையில் சத்தம் போட்டால் அது தப்பிவிடும் என்றார்கள். பாட்டு அவர்களுடையதுதான், ஆனால் இடம் தப்பு. பாரிசில் எந்த விமர்சகருக்கும் இது தோன்றியிருக்காது. ரூஷ் எடுத்துவிட்டார், அதன்பின் இசை சேர்ப்பதிலேயே மிகவும் எச்சரிக்கையானார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிங்க வேட்டையையும் வந்து எடுக்கும்படி கூப்பிட்டார். அந்த அழைப்பிலிருந்து வந்த படம் 1965-ல் முடிந்தது.

பின்னணிக் குரலையும் ரூஷ் வேறு மாதிரி பயன்படுத்தினார். ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரத்து ட்ரெஷ்வில் பகுதியில், நைஜரிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்களை வைத்து எடுத்து 1958-ல் வெளியிட்ட படத்துக்கு ஒலி பதிவாகவில்லை. மௌனக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, அதில் வரும் உமரு காண்டாவையே பேச வைத்தார். தன் முகத்தைப் பார்த்துத் தானே பேசுகிற குரல் அது, ஓடும், நக்கலடிக்கும், திடீரென்று வாடும். காண்டா பின்னாளில் தானே இயக்குநரானார். பின்னணிக் குரல் கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்லவிடாமல் என்னைத் தடுப்பது இந்தப் படம்தான்.

பிரேசிலில் வின்சென்ட் கரெல்லி 1986-ல் தொடங்கிய வீடியோ முயற்சி இன்னும் ஒரு படி போனது. நம்பிக்குவாரா மக்களின் சடங்கு ஒன்றைப் பதிவு செய்து, அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். திரையில் தாங்கள் சட்டை கால்சட்டையோடு ஆடுவது அவர்களுக்கே பிடிக்கவில்லை. மறுபடி வண்ணம் பூசி முழுமையாகச் செய்தார்கள், பல ஆண்டுகளாக விட்டுப்போன மூக்கு, உதடு குத்தும் வழக்கத்தையும் அப்போது திரும்பச் செய்தார்கள். கேமரா அங்கே கண்ணாடியானது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு: எது இயல்பாக நடந்தது, எது படத்துக்காக நடந்தது என்ற கோடு மங்குகிறது. கோடு மங்கினாலும் அதை வரைந்தவர்கள் அவர்களே என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை.

திரும்பக் காட்டுவது என்றால் திரையில் இருப்பவர் சொன்னபடியெல்லாம் வெட்டுவதா? படத்தில் இருப்பவர் கொலைகாரராக இருந்தால்? 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012) எடுத்த ஜோஷுவா ஓப்பன்ஹைமர், 1965–66-ல் இந்தோனேசியாவில் நடந்த படுகொலைகளில் பங்கெடுத்த அன்வர் காங்கோவிடம், எப்படிக் கொன்றார் என்று அவர் மொட்டை மாடியில் நடித்துக்காட்டிய காட்சியைப் போட்டுக் காட்டினார். அன்வருக்குக் குறையாகத் தெரிந்தது தன் வெள்ளைக் கால்சட்டை. பிக்னிக் போவதுபோல இருக்கிறதாம். அந்தத் திருத்தம் எந்த விளக்கவுரையையும்விட அதிகம் சொல்லிவிட்டது. பின்னால், பலியானவராகத் தான் நடித்த காட்சியைப் பார்த்துவிட்டு, தான் வதைத்தவர்களும் இப்படித்தான் உணர்ந்திருப்பார்களோ என்று அவர் கேட்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் இந்தோனேசிய மொழியிலேயே பதில் சொல்கிறார்: அவர்களுக்கு இன்னும் கொடுமையாக இருந்திருக்கும், ஏனென்றால் தாங்கள் சாகப்போவது அவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு துபாஷி நின்றிருந்தால் அந்தப் பதில் அந்த நொடியில் போய்ச் சேர்ந்திருக்காது. மொழி கற்றுக்கொள்வதன் பலனை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் படத்தில் வேலை செய்த இந்தோனேசியர்கள் பலர் பெயர் போடாமல் இருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. மொழியைப் பாலமாகக் கொடுத்தவருக்கு ஆபத்து நம்மைவிட அதிகம்.

சரி, கையில் ஃபுட்டேஜோடு நிற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது? என் பதில் சப்டைட்டில், ஆனால் இன்று நடக்கும் விதத்தில் அல்ல. ஃபைனல் கட் முடிந்த பிறகு ஒலிக்கோப்பை அனுப்பி எழுதி வாங்குவதை விட்டுவிட வேண்டும். அந்த மொழிக்காரர் ஒருவர் முதல் நாளிலிருந்து எடிட்டர் பக்கத்தில் உட்கார வேண்டும். எந்த வாக்கியத்தில் வெட்டலாம், எங்கே ஒரு பழமொழி பாதியில் நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். தேதி, சட்டம், வரைபடம் போன்ற தகவல் வேண்டிய இடத்தில் பின்னணிக் குரல் இரண்டு வரி வரட்டும், யாருடைய மனதுக்குள்ளும் புக வேண்டாம். கை வேலை, நடை, அழுகை வரும் இடங்களில் மொழிபெயர்ப்பையே நிறுத்திவிடலாம். நேபாளத்தில் ஒரு ரோப் காருக்குள்ளேயே எடுத்த 'மனகாமனா' (2013) அப்படித்தான் தொடங்குகிறது. முதல் பயணத்தில் ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் வழி முழுக்க ஒரு சொல்லும் பேசுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் பேசத் தொடங்கும்போது எழுத்து வருகிறது. அதற்குள் நாம் பார்க்கப் பழகிவிடுகிறோம்.

ஒரே இடத்தில் மட்டும் என் முடிவை மாற்றிக்கொள்வேன். ஒரு கிராமத்துத் திடலில் வேற்றுமொழிப் படம் ஒன்று திரையிட்டபோது, முன்வரிசையில் ஒரு பையன் தமிழ் சப்டைட்டிலை வரி வரியாகத் தன் பாட்டிக்கு வாசித்துச் சொன்னான். அவன் வாசிப்பு படத்துக்குப் பின்னால் ஓடி ஓடி வந்தது. பாட்டி திரையையும் பார்க்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட சபைக்குப் படம் போகிறது என்றால் தமிழ்க் குரல் வேண்டும். மூலக் குரல் முதலில் இரண்டு மூன்று நொடி முழுதாகக் கேட்கட்டும், பிறகு அதை அடக்கி, அணைக்காமல், மேலே தமிழ் வரட்டும். பேசுகிறவர் பெண் என்றால் பெண் குரல், முதியவர் என்றால் முதியவர். மரியாதை விகுதியை ஆங்கில ஸ்கிரிப்டிலிருந்து ஊகிக்காமல் மூலமொழிக்காரரிடம் கேட்டு எழுத வேண்டும்.

எந்த வழியானாலும் எடிட்டிங்கை முடித்துப் பூட்டுவதற்கு முன் படத்தை அந்த ஊருக்குக் கொண்டுபோய்விடுங்கள். போகும்போது சப்டைட்டில் எழுதியவரையே துபாஷியாகக் கூட்டிப்போக வேண்டாம், வேறொருவரைக் கூட்டிப்போங்கள். கீழே ஓடும் வரிகளை அவர் திரும்ப அவர்கள் மொழியில் வாய்விட்டுச் சொல்லட்டும். நான் சரிபார்த்த படத்தில் அப்படி யாரும் செய்யவில்லை. நான் அந்த வரியை மாற்றி, மீண்டும் வரும்படி சொல்லும் ஒரு வரியாக எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா இன்றும் அதைக் கேட்டதில்லை.